பேய் போனபின் பழி யாருக்கு?

பேய் இல்லை என்று சொன்னோம். மேடையிலே சொன்னோம், ஏட்டிலே எழுதினோம், திண்ணையிலே வாதாடினோம். பூசாரியின் உடுக்கையையும் மந்திரவாதியின் மையையும் எள்ளி நகையாடினோம். சொன்னது சரிதான், இனியும் சொல்லத்தான் போகிறோம். ஆனால், பேய் இல்லை என்று சொன்ன வாய் அதோடு மூடிக்கொண்டால் என்ன நேரும்? பேயின் தலையில் கிடந்த பழி எவர் தலையில் போய் இறங்கும்? இதனை வைதீகரிடம் நாம் கேட்கவில்லை. பகுத்தறிவு பேசும் தோழர்களிடமே கேட்கிறோம்.

பாபநாசத்தில் மலையிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, திருவைகுண்டம் எனத் தவழ்ந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது பொருநை. அந்த ஆற்றங்கரை ஊர்களில் ஏதேனும் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் மகள். பிள்ளை பிறந்து பத்து நாள். மூன்று இரவாக அவள் கண் மூடவில்லை. ஆயினும் களைப்பே இல்லை என்கிறாள். ஓயாது பேசுகிறாள், திடீரென வாயடைத்து விட்டத்தையே பார்க்கிறாள். யாரோ காதோரம் கட்டளையிடுவதாகக் கூறுகிறாள். தொட்டிலைக் காட்டி, "இது என் பிள்ளை இல்லை; மாற்றி வைத்துவிட்டார்கள்" என்று கதறுகிறாள்.

பேசியது யார்?

"பேய் பேசுகிறது" என்கிறது ஊர். "பேய் என்பதே பொய்" என்கிறோம் நாம். அப்படியானால், பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையல்ல என்று சொன்னவள் அவளேதானா? ஆம் என்றால் அவள் கொடியவளா? இல்லை என்றால் அவள் வாயால் பேசியது எது? இக்கேள்விக்கு விடை கூறாத பகுத்தறிவு பாதி வழியில் நின்றுவிட்ட பகுத்தறிவே.

முதலில் மருத்துவம் கூறுவதைக் கேட்போம். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமின்றிக் கண்ணீர் வருவது தாய்மார் பலருக்கும் உண்டு, தானே தணியும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு வேறு. அதுவும் நம் நாட்டில் அரிதன்று. இவ்விரண்டினும் கடுமையானது பேற்றுக்குப்பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரம் பேற்றுக்கு ஒருவர் அல்லது இருவரைப் பற்றுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டுகிறது. கருவுற்ற காலத்தில் உயர்ந்திருந்த ஹார்மோன்கள் பேற்றுக்குப்பின் சில நாள்களில் சரேலென வீழ்கின்றன, உறக்கம் குலைகிறது, பரம்பரைக் கூறும் சேர்கிறது. இருதுருவ மனநோய் உள்ள பெண்களுக்கு இடர் மிகுதி. ஆனால், அதுவரை எந்த மனநோயும் அறியாத பெண்களையும் இது பற்றுகிறது. படித்தவள், படியாதவள், பணக்காரி, ஏழை என்ற வேறுபாடு இந்நோய்க்குத் தெரியாது.

நம் பாட்டிமார் "பேறுகாலச் சன்னி" என்றனர். நஞ்சுக் காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தன. இன்று அவை தனித்தனியே பிரித்தறியப்படுகின்றன. தனித்தனி மருந்தும் உண்டு. மனப்பிறழ்வு என்று தெரிந்ததும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நோய் இது. நாளை அமாவாசை, மறுநாள் செவ்வாய் என்று காத்திருந்தால் தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் ஆபத்து. உரிய காலத்தில் மருத்துவம் செய்தால் மிகப் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். கடுமை சில வாரங்களில் தணியும். முழு நலம் திரும்ப ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். நோயும் உண்டு, தீர்வும் உண்டு. நடுவிலே பேய்க்கு ஏது இடம்?

ஆயினும், பேய் என்று சொன்ன ஊரை முழுமூடர் கூட்டம் என்று தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. நெல்லை, குமரிச் சீமையில் இசக்கியம்மன் கோயில்கள் எத்தனை! கையிலே ஒரு மகவை ஏந்தியும், சில இடங்களில் பல்லிடையே இன்னொரு மகவைக் கவ்வியும் நிற்கும் உருவம் அது. பிள்ளை வரம் கேட்போர் மண்ணால் செய்த குழந்தைப் பொம்மையை அவள் முன் வைக்கின்றனர். கொடைவிழாவில் வில்லடித்து அவள் கதை பாடுகின்றனர். இந்த உருவத்தை எண்ணிப் பாருங்கள். தாய்மை ஒரு கையில் தாலாட்டும், மறுபுறம் தடம் புரளவும் கூடும் என்பதை இந்த மண்ணின் எளிய மக்கள் கண்டிருக்கின்றனர் என்றே நாம் அதனைப் படிக்கிறோம். கண்டது உண்மை, கற்பித்த காரணம் பொய். மூளையும் குருதியும் செய்த வேலையை மரத்தடித் தெய்வத்தின் மேல் ஏற்றிவிட்டனர்.

அந்தப் பொய்க்குக் கொடுத்த விலையோ கொடிது. வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, பட்டினி, தூணோடு கட்டிய சங்கிலி! கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் மாறி மாறி அலையும் குடும்பங்கள் இன்றும் உள. மதங்கள் எதில் வேறுபட்டாலும் இதில் ஒன்றுபட்டே நிற்கின்றன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் கூடாதென்று தடுத்திருக்கிறது.

கொடுமை இவ்வளவு இருந்தும், பேய் நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு ஒன்றைக் கொடுத்தது. அதனை மறைப்பது நேர்மையாகாது. "பேசியது அவளில்லை" என்று ஊரே ஒத்துக்கொண்டது. கோடாங்கி உடுக்கடித்து, பேய் இறங்கிவிட்டது என்று அறிவித்த மறுநாள், அவள் சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் அவளிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. பழி முழுவதையும் பேய் சுமந்துகொண்டு புளியமரத்துக்குப் போயிற்று. பொய்யான மருத்துவம், ஆனால் மெய்யான விடுதலை!

இப்போது நம் பகுத்தறிவு இல்லத்தைப் பார்ப்போம். சுவரிலே தலைவர் படம், அலமாரியிலே அறிவு நூல்கள், பூசையறை கிடையாது. அந்த வீட்டு மருமகள் அதே நோயால் அதே சொற்களைச் சொல்கிறாள். "பேய் இல்லை" என்பது வீட்டாருக்குத் தெரியும். வேறென்ன தெரியும்? "திமிர்" என்கிறார் ஒருவர். "பாசாங்கு, வேலை செய்யாதிருக்க வழி" என்கிறார் இன்னொருவர். "மனவலிமை இல்லாதவள், படித்து என்ன பயன்?" என்கிறார் மூன்றாமவர். "பெற்ற பிள்ளையை வெறுப்பவளும் ஒரு தாயா?" என்ற கேள்வி எல்லார் கண்ணிலும் எழுதியிருக்கிறது. மந்திரவாதி பேயை அடித்தான். இவர்கள் அவளையே அடிக்கிறார்கள், பிரம்பில்லாமல்! பேயை விரட்டிய இடத்தில் நோயை வைக்காவிட்டால், அந்த இடத்தைப் பழி பிடித்துக்கொள்ளும். இதனைத்தான் பாதிப் பகுத்தறிவு என்கிறோம்.

இதற்கு அடியில் கிடப்பது இன்னொரு மூடநம்பிக்கை. தாயன்பு தானே சுரக்கும், எந்நாளும் வற்றாது, எக்காரணத்தாலும் தடம் மாறாது என்று பாடிப் பாடி, தாயைப் பீடத்தில் ஏற்றிவிட்டோம். பீடத்தில் ஏற்றப்பட்டவளுக்கு நோய்வாய்ப்படும் உரிமையும் இல்லாமற் போயிற்று. வற்றாத பொருநையே 2023 டிசம்பரில் கரைமீறி ஊர்களுக்குள் புகவில்லையா? அப்போது அதனைக் கெட்ட ஆறு என்றோமா? மழை எத்தனை சென்டிமீட்டர், அணையில் நீர் எவ்வளவு, எந்தக் கரை உடைந்தது என்று கணக்குப் பார்த்தோம். வெள்ளம் வடிந்தபின் அதே ஆற்றில் இறங்கி நீர் மொண்டோம். ஆற்றுக்குக் காட்டிய அறிவை, ஈன்ற பெண்ணுக்குக் காட்டக் கூடாதா?

சரி, விடைக்கு வருவோம். காய்ச்சலில் பிதற்றியவனை அப்பிதற்றலுக்குப் பொறுப்பாக்குகிறோமா? இல்லை. பொறுப்பு என்பது இன்னது செய்கிறோம், இது தகும், இது தகாது என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றலோடு பிணைந்தது. அந்த ஆற்றலையே நோய் பறித்திருக்கும்போது பொறுப்பு எங்கிருந்து வரும்? சட்டமும் இதனை ஒத்துக்கொண்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இதைத்தான் கூறிற்று; 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. பேற்றின் பாதிப்பால் மனம் நிலைகுலைந்த தாயைக் கொலைகாரியாகக் கருதலாகாது என்று இங்கிலாந்து 1922இல் தனிச்சட்டமே இயற்றியது. 1938இல் அதனை விரிவாக்கியது.

ஆனால் சட்டம் அறிந்ததை நெஞ்சம் ஏற்கத் தயங்குகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாய், பேற்றுக்குப்பின் வந்த இந்நோயின் பிடியில், 2001ஆம் ஆண்டு தம் ஐந்து குழந்தைகளின் உயிரைப் பறித்தார். 2002இல் குற்றவாளி என்று கூறி வாழ்நாள் சிறை விதித்தது நீதிமன்றம். அத்தீர்ப்பு நீக்கப்பட்டு மறுபடி நடந்த வழக்கில், 2006இல், மனநோய் காரணமாகக் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. செயல் ஒன்றே, பெண் ஒருத்தியே, நான்காண்டில் தீர்ப்பு இரண்டு! இத்தகைய முடிவு மிக மிக அரிது. எனினும், நோயை நோயென்று காண்பதில் கற்றறிந்தோரும் எவ்வளவு தடுமாறுகின்றனர் என்பதற்கு இது சான்று.

ஆகவே, "அவளை மன்னித்துவிடுவோம்" என்று பெருந்தன்மை பேசுவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. மன்னிப்பு குற்றத்துக்கு உரியது. இங்கே குற்றமே இல்லையே! அம்மை கண்டவளை மன்னிக்கிறோமா?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். "அந்த நாள்களில் அவள் பொறுப்பில்லாதவள் என்கிறீர்கள். பொறுப்பில்லாதவளிடம் இனிப் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது?" நல்ல கேள்வி. பல இல்லங்களில் இந்நோயின் இரண்டாம் கொடுமை தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். நோய் தீர்ந்துவிட்டது, மருத்துவர் சொல்லிவிட்டார், அவளும் தெளிந்துவிட்டாள். ஆனால் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால், "ஏட்டி, நீ தூக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு குரல். அவள் சற்றே உரக்கப் பேசினால், "திரும்ப ஆரம்பிச்சிட்டு" என்று இன்னொரு குரல். அவள் கோபம் கோபமில்லை, நோய். அவள் அழுகை அழுகையில்லை, நோய். அவள் சொல்லும் நியாயம் நியாயமில்லை, நோய்! நோயுற்ற நாள்களில் கொடுக்க வேண்டிய விலக்கைக் கொடுக்காதவர்கள், நலமான நாள்களில் அவள் கேட்காத விலக்கை வாழ்நாளெல்லாம் வாரி வழங்குகிறார்கள்.

அறுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு வரலாறு இங்கே நமக்கு உதவுகிறது. இங்கிலாந்தில் லின் என்ற துறைமுக நகரில் 1373 வாக்கில் பிறந்தவர் மார்ஜரி கெம்ப். முதற்பிள்ளையைப் பெற்றதும் எட்டு மாதமளவு மனம் பிறழ்ந்து கிடந்தார். கணவரையும் சுற்றத்தையும் தூற்றினார். தம் கையைத் தாமே கடித்த வடு வாழ்நாள் முழுதும் மறையவில்லை. இரவும் பகலும் அவரைக் கட்டி வைத்திருந்தனர். பிற்காலத்தில் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய தன்வரலாற்றின் கையெழுத்துப்படி 1934இல் கண்டெடுக்கப்பட்டது; அதிலிருந்தே இவற்றை அறிகிறோம். ஏசுநாதர் காட்சி தந்ததால் தெளிந்ததாக அவர் நம்பினார். அது அவர் நம்பிக்கை. நம் கண் வேறொன்றில் நிற்கிறது. தெளிந்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா? உணவும் பானமும் வைத்திருக்கும் அறையின் சாவி. நம் நெல்லை வீடுகளில் அரங்கு என்போமே, அதுபோன்ற அறை. "கொடுக்காதீர்கள், எல்லாவற்றையும் வாரி இறைத்துவிடுவாள்" என்று பணிப்பெண்களும் காவலிருந்தோரும் தடுத்தனர். கணவர் ஜான் கேட்கவில்லை. சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

காட்சி நோயைத் தீர்த்ததோ இல்லையோ, அந்தச் சாவி அவரை வீட்டின் தலைவியாக மீட்டது. மருத்துவம் தெளிவைத் தரும்; நம்பிக்கையை மனிதர்தாம் தரவேண்டும். இரண்டும் சேர்ந்ததே மீட்சி.

மருத்துவம் இல்லாத காலத்தின் அவலத்துக்கும் ஒரு சான்று உண்டு. கல்கத்தாவில் 1811இல் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே. அவர் மனைவி இசபெல்லா. 1840இல் மூன்றாம் மகளைப் பெற்றபின் மனம் பிறழ்ந்து, கப்பலிலிருந்து கடலில் குதித்தார். காப்பாற்றப்பட்டார், ஆனால் நலம் திரும்பவில்லை. 1894இல் மறையும் வரை ஐம்பதாண்டுக்கும் மேலாகப் பிறர் காவலிலேயே கழிந்தது அவர் வாழ்வு. அன்றைய அறிவு அவ்வளவுதான். 1938இல் ரோமில் மின்னதிர்ச்சி மருத்துவம், 1949இல் ஆஸ்திரேலியாவில் லித்தியம், 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் திறந்தன. இன்று இசபெல்லாக்களுக்கு அந்த ஐம்பதாண்டுச் சிறை வேண்டியதில்லை. அப்படியிருக்க, நலம் பெற்ற பெண்ணை வீட்டிலேயே ஐம்பதாண்டு காவலில் வைப்போரை என்னென்பது!

எச்சரிக்கையே வேண்டாமா? வேண்டும். நோயின் கடுமை நீங்கும் வரை தாயைச் சேயோடு தனியே விடலாகாது. மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. இரவு உறக்கம் அவளுக்கு மருந்துக்கு நிகர். இரவில் குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பைக் கணவன் ஏற்கவேண்டும். அடுத்த பேற்றில் இந்நோய் மீண்டும் வர மூவரில் ஒருவருக்கோ இருவரில் ஒருவருக்கோ வாய்ப்புண்டு. ஆகவே, கருவுறுமுன்னரே மனநல மருத்துவரைக் காணவேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை, அந்த இடரைத் தாங்கும் உடலுக்குரியவளுக்கே முதலில் உண்டு. மாமியாரின் ஆண்வாரிசு ஆசைக்கு அங்கே இடமில்லை.

ஆனால் துணை வேறு, காவல் வேறு. அவளுக்குத் தெரிய, அவளோடு கலந்து, ஒரு நாள் குறித்துச் செய்வது துணை. அவள் முதுகுக்குப் பின்னே குசுகுசுத்து, முடிவே இல்லாமல் செய்வது காவல். அரசின் சட்டத்தையே பாருங்கள். மனநல நிலையத்தில் தங்கி மருத்துவம் பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஆபத்து உண்டென்று மருத்துவர் கருதிப் பிரித்தாலும், மேற்பார்வையோடு தாய் பிள்ளையைக் காண வழி செய்யவேண்டும். அம்முடிவை 15 நாளுக்கொருமுறை மறுபடி ஆராயவேண்டும். நோய் முற்றிய நிலைக்கே 15 நாள் கணக்கு! நோய் தீர்ந்தவளை ஆண்டுக்கணக்கில் பிரித்துவைக்கும் வீட்டை எந்த நீதி ஒப்பும்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்தே தங்கி மருத்துவம் பெறும் பிரிவு நடக்கிறது. நோயிலிருந்தபடியே பிள்ளையைக் குளிப்பாட்டவும் பாலூட்டவும் துணையோடு பழகுகிறாள் தாய். அவள் கையை நம்பும் மருத்துவம் அது.

விவாகரத்து மிரட்டலும் உண்டு. "பைத்தியத்தோடு வாழ முடியாது" என்று வழக்கறிஞரைத் தேடி ஓடும் கணவன்மாருக்கு உச்ச நீதிமன்றம் 1988இலேயே, ராம் நாராயண் குப்தா வழக்கில், விடை சொல்லிவிட்டது: மனநோய் என்ற பெயர் மட்டும் மணமுறிவுக்குப் போதாது, அதன் அளவு எத்தகையது என்று காட்டவேண்டும். தீர்ந்துபோன நோயைச் சான்றாக ஏந்தி நிற்போர் வெட்கப்பட வேண்டும்.

சாவிக்கொத்து என்றதும் மாடிவீட்டு மங்கையரை மட்டும் எண்ணிவிடாதீர்கள். முக்கூடலில் பீடி சுற்றுபவளுக்குச் சாவி என்பது அவள் மடிமேல் வைத்த தட்டும், வாரக்கூலி அவள் கைக்கே வருவதும். பத்தமடையில் பாய் நெய்பவளுக்கு அவள் தறி. வாழைத்தோட்டத்துக் கூலிக்காரிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்து நால்வர் முன்னே தெருவில் நடக்கும் உரிமை. ஆசிரியைக்கு அவள் வகுப்பு. எந்தப் பெண்ணிடமிருந்து எதை நோயின் பெயரால் வாங்கிவைத்தோமோ, அதை நலத்தின் பெயரால் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்குச் சில வேலைகள் உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேறுகளுக்கு மேல் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. பெருமைதான். ஆனால் இந்நோய் தலைகாட்டும் நாள்களில் தாய் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்காத வாயில்லை. தாய் தூங்கினாளா என்று கேட்கும் வாயைத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கச் செய்யுங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்கள். உறக்கமின்றி, தொடர்பின்றிப் பேசும் தாய் என்று கேள்விப்பட்டால், கோடாங்கி வருமுன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பாளையங்கோட்டை மேட்டுத்திடலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலத் துறையும் இருக்கிறது. வழி தெரியாதோர் 14416 என்ற எண்ணில் அழைத்தால் டெலி மானஸ் பணியினர் தமிழிலேயே வழி சொல்வர்.

அவள் நலம் பெற்று வீடு திரும்பிய பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. அவள் சகோதரனாக, கணவனாக, மைத்துனனாக, அண்டை வீட்டானாக நீங்கள் இருப்பீர்கள். நோயில் அவள் சொன்ன சொல்லை ஒருபோதும் எடுத்துக்காட்டாதீர்கள். அவள் நினைவு கூர்ந்து அழுதால், "அது நோய், நீயல்ல" என்று எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் சொல்லுங்கள். பிள்ளையை அவள் மடியில் வையுங்கள், அருகிலே அமருங்கள். நாளாக நாளாகச் சற்றுத் தள்ளி அமருங்கள். பிறகு ஒரு நாள், எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள்.